9 இன்ச் ஜீப்புக்கு 11 இன்ச் ஹப்

சிஜே-3பி ஜீப் வைத்திருப்பவரிடம் பிரேக் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "மிதிச்சா நிக்கும், எங்கேன்னு மட்டும் கேக்காதீங்க" என்பார். அமெரிக்காவில் 1953இல் வந்து 1968இல் நின்றுபோன மாடல் அது. மஹிந்திரா இங்கே அதற்குப் பிறகும் விடவில்லை. நான்கு சக்கரத்திலும் 9 இன்ச் டிரம். சமவெளியில் ஓட்ட அது போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆளும் சுமையுமாக இறங்கும்போது, பாதி வழியிலேயே டிரம் சூடேறிப் பெடல் மரத்துப்போகும். அதனால்தான் முன் சக்கரங்களுக்குப் பிற்கால ஜீப்பின் 11 இன்ச் டிரம்மை ஹப்போடு ஏற்றினேன்.

டிஸ்க் போட்டிருக்கலாமே என்று கேட்காதவர் கிடையாது. போடலாம். ஆனால் பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரில், லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு ஒன்று உள்ளே இருக்கும், சுமார் 10 பிஎஸ்ஐ அளவுக்கு. டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அதுவே வினை. பேட் விலகாமல் உரசிக்கொண்டே ஓடும். சரி, வால்வைக் கழற்றிவிடலாம் என்றால், இந்த ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் பெடலுக்குக் கீழே, தாழ்வாக இருக்கிறது. பிரேக் ஆயில் காலிப்பரிலிருந்து திரும்பி இறங்கிவிடாமல் இருக்க 2 பிஎஸ்ஐ வால்வு வேறு வேண்டும். அடாப்டர், காலிப்பர், சிலிண்டர் என்று செலவு எங்கேயோ போய் நிற்கும். பெரிய டிரம் அப்படியில்லை. ஜீப்பின் பொருள் ஜீப்புக்கே போகிறது.

பொருள் வாங்கும்போது ஹப்பை மட்டும் வாங்காதீர்கள். சென்னை புதுப்பேட்டைக் கடைகளில் ஹப் ஒரு குவியல், டிரம் ஒரு குவியல், பேக் பிளேட் ஒரு குவியல் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். ஒரே வண்டியிலிருந்து கழன்ற முழு செட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். பேக் பிளேட்டையும் ஸ்பிண்டிலையும் சேர்த்து நக்கிளோடு 6 போல்ட் பிடிக்கிறது. அந்த 6 துளையும் உங்கள் நக்கிளோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் முதல் சோதனை. பழைய ஜீப்பில் உள் பேரிங்கும் வெளி பேரிங்கும் ஒரே அளவு: 18590 கோன், 18520 கப். பிற்கால ஹப்பில் கப் வேறாக இருந்தால் அதன் ஸ்பிண்டிலையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். அப்போது ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் புஷ்ஷுக்குள் உங்கள் ஆக்ஸில் ஆடாமல் சுற்றுகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

வீல் பொருந்துமா என்று அறிய பிசிடியை, அதாவது ஸ்டட்கள் அமைந்த வட்டத்தின் விட்டத்தை, அளக்க எளிய வழி ஒன்று உண்டு. 5 ஸ்டட் ஹப்பில் எதிரெதிரே ஸ்டட் வராததால் டேப்பை நேராகப் பிடிக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் வெளி விளிம்புகளை வெர்னியரில் அளந்து, ஒரு ஸ்டட் கனத்தைக் கழித்து, 1.7ஆல் பெருக்குங்கள். ஜீப்பில் மையத்துக்கு மையம் சுமார் 82 மி.மீ. வரும்; பெருக்கினால் ஏறத்தாழ 139.7, அதாவது ஐந்தரை இன்ச்.

மாருதி ஜிப்ஸிக்கும் இதே 139.7தான். அதனால் வீல் மாறி மாறி ஏறும். பல பேர் ஏற்றுகிறார்கள். நட்டில்தான் ஆபத்து. ஜீப் ஸ்டட் அரை இன்ச், இன்ச்சுக்கு 20 மரை. ஜிப்ஸி ஸ்டட் 12 மி.மீ., மரை இடைவெளி 1.25. ஜீப்பின் இடைவெளியைக் கணக்குப் போட்டால் 1.27. இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் ஜீப் நட், ஜிப்ஸி ஸ்டட்டில் கையாலேயே சுகமாக ஏறிவிடும். ஆனால் நட் 0.7 மி.மீ. பெரிசு, மரையின் நுனி மட்டுமே பிடித்திருக்கும். முறுக்கும்போது இறுகுவதுபோலத்தான் தெரியும், ஓட்டத்தில் உரித்துக்கொண்டு வரும். பல வண்டிப் பொருள் கலந்த பட்டறையில் நட் டப்பாவைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

அதேபோல, பழைய வில்லீஸ் வகை ஜீப்பில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வலது பக்கம் கழற்றிய பழக்கத்தில் பையன் பைப்பை மாட்டி ஏறி நின்றால் ஸ்டட் முறிந்து கையோடு வரும். ஸ்டட் நுனியில் 'எல்' என்று வெட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

ஹப்பிலிருந்து டிரம்மைப் பிரிக்க வேண்டி வந்தால் லேத்துக்குப் போவதே மேல். ஸ்டட்டின் தோள் டிரம் மேல் பிதுங்கும்படி அடித்து இறுக்கியிருப்பார்கள். அந்தப் பிதுக்கத்தைக் கடைந்து எடுத்த பிறகே ஸ்டட்டை அழுத்தி வெளியே தள்ள வேண்டும். "ரெண்டு அடி போட்டா வந்துடும் சார்" என்பார்கள். வரும்தான், வரும்போது ஹப் துளையையும் அகட்டிவிட்டு வரும். அதற்கப்புறம் எந்தப் புது ஸ்டட்டும் அதில் இறுகாது.

பேரிங் பூட்டுவதில் அவசரம் கூடாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை, சுற்றல் கனக்கும் வரை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்று பின்னால் விட வேண்டும். லாக் வாஷர், வெளி நட் போட்டு வாஷர் காதை மடக்கிய பிறகு மறுபடி ஆட்டிப் பாருங்கள்; வெளி நட் இறுகும்போது அளவு மாறிவிடுவது உண்டு. ஸ்பிண்டில் பக்கத்து ஆயில் சீல் புதிதாகவே இருக்கட்டும். நக்கிள் ஆயில் டிரம்முக்குள் கசிந்தால் 11 இன்ச்சும் 9 இன்ச்சும் ஒன்றுதான்.

ஏற்றிய பிறகு பெடல் முன்பைவிடச் சற்று இறங்கும். வீல் சிலிண்டர் பெரிதானால் அதை நிரப்ப ஆயிலும் கூடுதலாக வேண்டுமே. ஷூவை நெருக்கமாக அட்ஜஸ்ட் செய்தும் பெடல் தரையைத் தொட்டால் மட்டும் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற யோசிக்கலாம். முதல் ஓட்டம் முடிந்ததும் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், அந்தப் பக்கம் பேரிங் இறுக்கமா, ஷூ உரசலா என்று பார்க்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

பின் ஹப்பை நான் தொடவில்லை. அது கூம்பிய ஆக்ஸில் நுனியில் சாவி போட்டு இறுகி உட்கார்ந்திருப்பது; கழற்றத் தடித்த புல்லர் வேண்டும். தவிர, இறக்கத்தில் எடையெல்லாம் முன்னால்தான் வந்து விழுகிறது. பின்னால் 9 இன்ச்சே போதுமானதாக இருக்கிறது.