வெள்ளத்தில் நடந்த கால்களும் உடம்பின் காவல்காரர்களும்

2015 டிசம்பர் மழையை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல தெருக்களில் சாக்கடை கலந்த தண்ணீரில்தான் நடந்தோம். இருந்தும் பெரும்பாலோர் நோயில் விழவில்லை. ஏன் தெரியுமா?

சித்த மருத்துவத்தில் உடல் வன்மையை இயற்கை வன்மை, கால வன்மை, செயற்கை வன்மை என்று மூன்றாகச் சொல்வோம். பிறக்கும்போதே கூட வருவது இயற்கை வன்மை. அன்று நம்மைக் காத்தது பெரும்பாலும் அதுதான்.

கோட்டைச் சுவர்

முதல் காவல் தோல். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அதன்மேல் லேசான அமிலத்தன்மை இருக்கும். பல கிருமிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. கண்ணீரில் உள்ள லைசோசைம் பாக்டீரியாவின் சுவரையே உடைக்கும். சாப்பாட்டோடு உள்ளே போகும் கிருமிகளில் பலவற்றை இரைப்பை அமிலம் கொன்றுவிடும்.

உள்ளே நிற்கும் படை

முள் குத்திய இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறதே, அது படை திரளும் அடையாளம். ரத்த ஓட்டம் கூடி, வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளை விழுங்குகின்றன. 1882-ல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி நட்சத்திர மீன் குஞ்சில் முள்ளைக் குத்திப் பார்த்துதான் இதைப் புரிந்துகொண்டார். 1908-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சீழில் இருப்பவை பெரும்பாலும் இப்படிப் போராடி மடிந்த அணுக்களே.

சுவரில் விரிசல் விட்டால்?

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். பித்தவெடிப்பு, சேற்றுப்புண், சிராய்ப்பு இருந்தால் அதற்கு வாசல் திறந்த மாதிரி. கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும்.

“எதிர்ப்புச் சக்திக்கு ஒரு டானிக் கொடுங்க டாக்டர்” என்று கேட்கிறார்கள். நான் முதலில் காலைக் காட்டச் சொல்வேன்! மழைத் தண்ணீரில் நடந்துவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடையுங்கள். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். புண் இருந்தால் மூடாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் நடந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணீரில் நடந்ததையும் சொல்லுங்கள். காலத்தோடு ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகிவிடும். விட்டுவிட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும்.

காவல்காரன் பலசாலிதான். அதற்காக வாசலைத் திறந்து போடலாமா?