என்எஸ்எஃப் நிதிக்கு விண்ணப்பிக்கிறீர்களா?

நண்பருக்கு நிதி வாங்கித் தந்த பழைய விண்ணப்பத்தை அப்படியே மாதிரியாகக் கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்எஸ்எஃப்) விதிக் கையேட்டை அவ்வப்போது திருத்துகிறது. உங்கள் கடைசித் தேதிக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்று முதலில் பாருங்கள். 2023 அக்டோபர் முதல் தன்விவரக் குறிப்பை ‘சயன்சிவி’ தளத்தில்தான் தயாரிக்க வேண்டும். வேர்டில் அடித்தது செல்லாது.

அதிகம் சறுக்கும் இடம் திட்ட விளக்கம். பொதுவாக 15 பக்கம்தான். அதற்குள் ‘பிராடர் இம்பாக்ட்ஸ்’ என்ற தனித் தலைப்பு இருந்தே ஆக வேண்டும். உங்கள் ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன் என்பதை அங்கே திட்டவட்டமாக எழுதுங்கள். ‘மாணவர்கள் பயனடைவர்’ என்றால் போதாது. எந்த மாணவர்கள், எப்படி என்று சொல்லுங்கள். தலைப்பே விடுபட்டால், நல்ல ஆய்வும் மதிப்பீட்டாளர் கைக்குப் போகாமலே திரும்பக்கூடும். இணைய முகவரிகளையும் திட்ட விளக்கத்தில் சேர்க்காதீர்கள்.

சமர்ப்பிப்பது உங்கள் நிறுவனத்தின் ஆய்வு அலுவலகம். வரைவை ஒரு வாரம் முன்பே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.