விண்ணோக்கும் ஏரிக் காவலும்

ஒரு பொருளைத் தீண்டாமல், அதனினின்று வரும் ஒளியையேனும் பிற அலையையேனும் கொண்டு அதன் இயல்பை அறிதல் தொலையுணர்வு எனப்படும். நம் கண் செய்வதும் இதுவே. எனினும் கண்ணுக்குப் புலனாகும் ஒளி சிறிது, புலனாகாதது பெரிது. புலனாகாததையும் பதியும் கருவிகளை வானூர்தியிலும் செயற்கைக் கோளிலும் அமைத்துப் பயிரையும் நீரையும் ஆராயும் முறையை, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஏரிகளைச் சான்றாகக் கொண்டு ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

மரமும் புள்ளும் முதலான கருப்பொருள் கொண்டு நிலத்தைப் பகுத்துணர்தல் தொல்காப்பியம் பயின்றார்க்குப் புதிதன்று. இக்கால நூலோர் அம்மரத்தின் ஒளியை அளக்கின்றனர் என்பதே வேறுபாடு. பசிய இலை செந்நிற ஒளியைப் பெரிதும் உட்கொள்ளும். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைப் பெரிதும் திருப்பிவிடும். நீரோ அகச்சிவப்பை உட்கொண்டு இருண்டு தோன்றும். ஆதலின் அகச்சிவப்பினின்று செம்மையைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பயிரின் நிலை ஓர் எண்ணாகக் கிடைக்கும். ஒரு வயல் செவ்வொளியில் நூற்றுக்கு 8 பங்கும் அகச்சிவப்பில் 50 பங்கும் திருப்புமாயின், 42ஐ 58ஆல் வகுக்க 0.72 வரும், பயிர் செழித்துளது என்க. அதே வயல் பின்னர் 20 பங்கும் 30 பங்கும் திருப்புமாயின் எண் 0.2 ஆகும், பயிர் வாடிற்றென்றோ அறுவடையாயிற்றென்றோ ஐயுறலாம்.

இந்தியாவில் இம்முறைக்கு வித்திட்டவர் பிஷரோட்டி என்னும் வானிலை அறிஞர். 1970ஆம் ஆண்டையொட்டிக் கேரளத்துத் தென்னைகளைப் பற்றிய வேர்வாடல் நோயை, ஹெலிகாப்டரினின்று அகச்சிவப்புப் படச்சுருளில் படம் பிடித்து அவர் ஆராய்ந்தார். அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் கோள் 1972இலும், நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1ஏ கோள் 1988 மார்ச் 17ஆம் நாளிலும் விண்ணேகின.

இனி ஓர் இடையூறு. நம் ஏரிகள் நிறைவது வடகிழக்குப் பருவமழையில். அப்பொழுதே முகிலும் வானை மூடும். 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரியினின்று 2015 டிசம்பர் 1ஆம் நாள் விநாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பட்டது. அத்தகைய நாட்களில் ஒளிப்படக் கோளுக்கு முகிலின் முதுகே தெரியும். ரேடார்க் கோளோ தானே அலையை அனுப்பி, மீள்வதைப் பதிவதால், இரவும் முகிலும் அதற்குத் தடையல்ல. அமைந்த நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அலையை வேறு பக்கம் எறிந்துவிடுதலின் படத்தில் கருமையாகத் தோன்றும். நடவு வயலும் முதலிற் கருத்து, பயிர் வளர வளர வெளுக்கும். இக்குறி கொண்டே கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நெற்பரப்பை அளந்துள்ளனர். 2025 சூலை 30இல் ஸ்ரீஹரிக்கோட்டையினின்று ஏவப்பெற்ற நைசார் என்னும் இந்திய அமெரிக்கக் கூட்டுக்கோளும் இவ்வினத்ததே.

ஆயினும் கோள் இட்ட தீர்ப்பே முடிவென்று கொள்ளுதல் தவறு. ஆகாயத்தாமரை படர்ந்த ஏரி, மேற்சொன்ன கணக்கில் செழித்த வயல்போல் காட்டும். காற்றால் அலையெழுந்த நீர் ரேடாரில் வெளுத்துத் தோன்றும். கோள் சில நாட்களுக்கு ஒருமுறையே வருமாதலின், மணிதோறும் ஏறும் வெள்ளத்தை மதகருகே நட்ட அளவுகோலே உரைக்கவேண்டும். ஆகவே படத்தைக் களத்தோடு ஒப்பிட்டு உண்மை துணிதல் இக்கலையின் இன்றியமையா உறுப்பாகும்.

இதனால் நமக்கு ஆவதென்னை எனின், கூறுதும். ஏரி ஒரே நாளில் அழிவதில்லை. வரத்துக்கால் தூர்ந்து, கரையோரம் மேடாகி, மேட்டில் மனை எழுந்து, ஆண்டுக்குச் சிறிதாகக் குறையும். அங்ஙனம் குறைவதை ஒரு தலைமுறையின் நினைவு பற்றிவைப்பது அரிது. 1972 முதல் சேர்ந்துவரும் படங்கள் பற்றிவைத்துள்ளன. முதற்படங்களில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர்ச் சதுரம். அது ஒன்றரை ஏக்கருக்கு மேலாகும். இன்றைய சென்டினல் 2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர்ச் சதுரம். அது அரை கிரவுண்டுக்கும் குறைவு. பழைய படம் தவறவிடும் சிறு மாற்றத்தை வருவாய்த்துறையின் நிலவரைபடம் கொண்டு நிரப்பல் வேண்டும். இப்படங்களுட் பல எவரும் விலையின்றிப் பெறத்தக்கன.

அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகளின் நீர்ப்பரப்பை ஆண்டுதோறும் சனவரித் திங்களில் அளந்து, கரையில் நடந்து சரிபார்த்து, ஏரியின் பழைய கலிங்கையும் வாய்க்காலையும் அறிந்த முதியோரைக் கேட்டெழுதி வைத்தல் கல்லூரி மாணவர்க்கு இயலாத செயலன்று. கணிதம் பயில்வோர் அளக்கட்டும். தாவரவியலார் களையைப் பிரித்தறியட்டும். தமிழ் பயில்வோர் தாங்கல், மதகு, கலிங்கு என்னும் சொற்களோடு அவை குறித்த இடங்களையும் திரட்டட்டும். ஏரியின் எல்லை இதுவென்று வழக்கு எழும் நாளில், ஆண்டுமுறையில் எழுதப்பெற்ற அவ்வேடு ஊருக்கு நற்சான்றாகும்.