பிறந்த கன்று பிழைக்க முதல் ஒரு நாள்
ஜவ்வாது மலை மாடு வளர்ப்போர் கவனத்துக்கு

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலையில் சாமை அறுவடை ஆண்டுக்கு ஒரு முறைதான் கைக்குக் காசு தருகிறது. மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மற்ற நாட்களின் செலவுக்குக் கொட்டிலில் நிற்கும் ஒன்றிரண்டு மாடுகளே துணை. இத்தகைய குடும்பத்தில் ஒரு கன்று செத்தால் நட்டம் இரண்டு. கிடேரிக் கன்றாக இருந்தால், மூன்று ஆண்டுகளில் கறவைக்கு வரவேண்டிய மாடு போய்விடுகிறது. மேலும் நாட்டு மாடுகளும் பல கலப்பின மாடுகளும் கன்று ஊட்டாமல் பால் சுரப்பதில்லை. ஆகவே அந்த ஈற்றின் பாலும் குறைகிறது. செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து மாட்டின் முன்னே நிறுத்திக் கறக்கும் பழைய வழக்கம் இந்த நட்டத்தைச் சரிக்கட்ட எழுந்ததே.

இறக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை முதல் மாதத்துக்குள் இறக்கின்றன. கழிச்சல், சளி, தொப்புள் சீழ், புழு என்று காரணம் பலவாகச் சொல்லப்படும். ஆனால் இவற்றில் பலவற்றுக்கு வழி திறந்துவிடுவது, பிறந்த அன்று சீம்பால் போதிய அளவு கிடைக்காமற் போவதுதான்.

சீம்பாலுக்குக் காத்திருத்தல் கூடாது

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே கிடைத்துவிடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. அதன் வழியே எதிர்ப்புச் சக்தி கன்றுக்குப் போவதில்லை. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு வேண்டியது முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அதையும் கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கும். நேரம் ஆக ஆக அந்தத் திறன் குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். மறுநாள் எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது வயிற்றுக்கு உணவாகுமே தவிர, இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியாகச் சேராது.

இங்கேதான் பெரிய கேடு நேர்கிறது. நஞ்சு விழும்வரை கன்றை ஊட்டவிடக் கூடாது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. நஞ்சு விழ 8 மணி நேரம், சில சமயம் 12 மணி நேரம்கூட ஆகலாம். மாலையில் ஈன்ற மாட்டின் கன்று விடியும்வரை பட்டினி கிடந்தால் அருமையான நேரம் வீணாகிறது. உண்மையில் கன்று முட்டி ஊட்டும்போது மாட்டின் உடலில் சுரக்கும் ஒருவகை நீர் கருப்பையைச் சுருங்கச் செய்து, நஞ்சு விழவே உதவுகிறது. காத்திருப்பதால் கன்றுக்கும் நன்மை இல்லை, மாட்டுக்கும் நன்மை இல்லை.

கலப்பினக் கன்று ஒன்று பிறக்கும்போது சுமார் 25 கிலோ எடை இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டர் சீம்பால் முதல் நாளில் அதற்குச் சேரவேண்டும். அதில் பாதியாவது முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போவது நல்லது. நாட்டுக் கன்று சிறியது, அதற்கேற்பக் குறையும். எழுந்து நிற்க முடியாத கன்றைக் காம்பருகே பிடித்து ஊட்டச் செய்யலாம், அல்லது கறந்து பால் புட்டியில் கொடுக்கலாம். மூங்கில் குழாயால் தொண்டையில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போய்க் கன்று இறக்கக்கூடும். சீம்பாலை வீட்டில் காய்ச்சி உண்பதும் அண்டை வீட்டுக்குக் கொடுப்பதும் கன்றின் பங்கு போக மீந்ததில்தான் இருக்கவேண்டும்.

தாய் இறந்துவிட்டாலோ, மடிநோய் கண்டாலோ, அன்று ஈன்ற வேறு மாட்டின் சீம்பாலைக் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். முட்டை, விளக்கெண்ணெய், பால் கலந்து கொடுக்கும் முறை நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அது கன்றுக்குத் தெம்பு தரும். எதிர்ப்புச் சக்தி தராது. மாடு ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திச் சிறிது அடர்தீவனம் கொடுத்து வந்தால்தான் நல்ல சீம்பால் ஊறும். கடைசிவரை கறந்துகொண்டிருப்பது வரவிருக்கும் கன்றின் பங்கில் கை வைப்பதாகும்.

தொப்புள் கொடியை உடலிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் தோய்க்கவேண்டும். சாம்பலோ சாணமோ வைத்தால் கிருமி உள்ளே புகுந்து தொப்புள் வீங்கும். பிறகு முழங்கால் மூட்டுகளும் வீங்கும்.

கழிச்சல் கண்டால்

முதல் வாரத்தில் வரும் கழிச்சல் பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது. அடுத்த இரண்டு வாரங்களில் வைரஸும் மற்ற நுண்ணுயிர்களும் காரணமாகலாம். எதனால் வந்தாலும் கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடலில் நீரும் உப்பும் வற்றிப்போவதே. கண் குழிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியவேண்டும். மெதுவாகப் படிந்தால் நீர் வற்றிவிட்டது என்று பொருள்.

1971-ல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் போங்கானில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், நரம்பில் ஏற்றும் சலைன் போதாத நிலையில், உப்பும் குளுகோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். கன்றுக்கும் அதே வழிதான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. இளங்கன்றின் குடலில் சர்க்கரையைச் செரிக்கும் நொதி இல்லை. வீட்டுச் சர்க்கரையோ வெல்லமோ கரைத்துக் கொடுத்தால் கழிச்சல் கூடவும் செய்யும். குளுகோஸ் உள்ள ஓ.ஆர்.எஸ். பொட்டலமே ஏற்றது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு லிட்டர் பொட்டலத்தைக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்து, வெதுவெதுப்பாக, ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் வீதம் நாளைக்கு மூன்று, நான்கு வேளை கொடுக்கலாம். பாலை நிறுத்திவிடக் கூடாது. பாலுக்கும் இந்த நீருக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் போதும். கன்று உறிஞ்ச மறுத்தாலோ, எழ முடியாமல் கிடந்தாலோ வாய் வழி நீர் பலன் தராது. டாக்டர் நரம்பில் சலைன் ஏற்றவேண்டும். மலைப் பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும். ஆகவே கண் குழியும்வரை பார்த்திராமல் 1962 எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, வரும்வரை நீர் கொடுத்துக்கொண்டிருப்பதே முறை.

புழு பாலிலேயே வருகிறது

கன்று மண்ணைத் தின்றதால்தான் புழு என்று பலர் எண்ணுகின்றனர். உருண்டைப் புழு ஒன்றின் குஞ்சுகள் மாட்டின் உடல் தசைகளில் உறங்கிக் கிடந்து, ஈன்றதும் பால் வழியே கன்றுக்குப் போய்ச் சேருகின்றன. கொட்டில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதைத் தடுக்க இயலாது. எருமைக் கன்றுகளை இது மிகுதியாகத் தாக்கும். களிமண் போல வெளுத்து நாறும் சாணமும் உப்பிய வயிறும் இதன் அடையாளங்கள். பத்தாம் நாள் வாக்கில் முதல் முறையும், பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறையும் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, எடைக்கேற்பப் பூச்சி மருந்து கொடுப்பது அவசியம்.

மார்கழி, தை மாதங்களில் மலையில் குளிர் கடுமை. காவலூர் வானாய்வகம் அமைந்துள்ள இடமே கடல் மட்டத்துக்குச் சுமார் 725 மீட்டர் உயரம். ஈரத்தரையில் படுக்கும் கன்றுக்குச் சளி கண்டு நுரையீரல் கெடும். காய்ந்த சாமைத் தாளைத் தடிமனாகப் பரப்பி, நனைந்ததும் மாற்றவேண்டும். காற்று நேராக வீசாமல் தட்டி கட்டலாம். ஆனால் புகையும் மூத்திர நெடியும் வெளியேற மேலே வழி இருக்கவேண்டும்.

காளைக் கன்று என்றால் பால் விடாமல் மெலியவிடும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. சங்கத்துக்கு ஊற்றும் பாலில் மிச்சம் பிடித்ததாகத் தோன்றும். நலிந்த அந்தக் கன்றிடம் பெருகும் கழிச்சல் கிருமிதான் பக்கத்தில் கட்டியுள்ள கிடேரிக் கன்றையும் பிடிக்கிறது.

கன்று இறந்துவிட்டால் அதை ஓடைப் பக்கம் எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். அது படுத்திருந்த தாளை எரித்துவிட்டு, இடத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பு தூவி வெயிலில் காயவிட்டு, அடுத்த கன்றைச் சில வாரங்களுக்கு வேறு இடத்தில் கட்டுவது நல்லது.