வளையத்தடியில் தர்ஜினி

மகளே,

ஐரோப்பாவில் கூடைப்பந்து ஆடியே சம்பாதிக்கும் பெண்களைப் பற்றி வாசித்துவிட்டு, நம்மவர்களில் அப்படி யாராவது உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு, ஆனால் பந்து கொஞ்சம் வேறு. பெயர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்தில் புன்னாலைக்கட்டுவனை அண்டிய ஈவினைக் கிராமத்தில் 1979இல் பிறந்தவர். உயரம் 208 சென்டிமீற்றர், கிட்டத்தட்ட ஆறடி பத்து அங்குலம். பத்துச் சென்டிமீற்றர் கூட வளர்ந்த பிள்ளைக்கே பட்டப்பெயர் வைக்கும் ஊர்கள் நம்முடையவை. அவர் என்னவெல்லாம் கேட்டிருப்பார் என்று நீயே யோசித்துப் பார்.

அவர் ஆடியது வலைப்பந்தாட்டம். கூடைப்பந்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை அது. 1891இல் அமெரிக்காவில் தொடங்கிய கூடைப்பந்து இங்கிலாந்துப் பெண்கள் கல்லூரிகளுக்குப் போய் உருமாறியது. இலங்கையில் 1921இல் கண்டி மகளிர் உயர் பாடசாலைச் சாரணியர் முதலில் ஆடினார்கள். 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடிப் பொதுவான விதிகளைப் பேசியதும் இலங்கையில்தான்.

அந்த விதிகளைத் தெரிந்துகொண்டால்தான் தர்ஜினியின் அருமை புரியும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் நிற்கும். பின்னால் பலகை இல்லை, பட்டுத் திரும்பி விழும் அதிர்ஷ்டமும் இல்லை. ஏழு பேரில் இருவருக்கு மட்டுமே கோல் போட அனுமதி, அதுவும் 4.9 மீற்றர் ஆரை கொண்ட அரைவட்டத்துக்குள் நின்று. தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். இத்தனைக்கும் நடுவே தலைக்கு மேலே வரும் பந்தை எட்டிப் பிடிக்க ஒருவர் நின்றால், எதிரணி என்ன செய்யும்?

“உயரம் இருந்தால் யாரும் போடலாம்” என்பார்கள். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அவர் 377 தடவை எறிந்து 348 கோல் போட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு! அந்தச் சுற்றில் அதிக கோல் போட்டவர் அவர்தான். அப்போது அவருக்கு நாற்பது வயது. உயரம் பந்தைப் பிடிக்க உதவும், வளையத்துக்குள் போடுவது மணிக்கட்டின் வேலை. இதே சுற்றில் இலங்கை அணி அடிமட்டத்தில்தான் முடித்தது என்பதையும் சொல்லவேண்டும். ஒருவரை மட்டும் நம்பி ஆடும் அணிக்குப் பந்து அவரிடம் போய்ச் சேராத நாளில் வேறு வழியில்லை. ஆசியாவில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியவில்லை: 2009, 2018, 2022 என மூன்று முறை இலங்கை சம்பியனானபோதும் அவர் அணியில் இருந்தார். 2022இல் சிங்கப்பூரை அதன் சொந்த மண்ணிலேயே 63–53 என்று வென்றார்கள்.

இனி நீ கேட்ட சம்பாத்தியம். ஹங்கேரியில் சொப்ரோன் என்று ஒரு சிறிய நகரம். அந்த ஊர்க் கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி 2022இல் ஐரோப்பிய லீக் கிண்ணத்தையே தூக்கியது. அங்கே ஆட்டமே உத்தியோகம். கழகம் சம்பளம் கொடுக்கும். இங்கே அப்படி இல்லை. வங்கிகளும் நிறுவனங்களும் முப்படைகளும் வேலை கொடுத்துத் தங்கள் அணியில் ஆடவைப்பதுதான் வழக்கம். தர்ஜினியும் செலான் வங்கியில் வேலை பார்த்தபடியே ஆடினார். பிறகுதான் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சிற்றி வெஸ்ட் பல்கன்ஸ் போன்ற கழகங்களுக்கு ஆடும் வாய்ப்பு வந்தது. திறமைக்குக் குறைவில்லாத நாட்டில் விளையாட்டுக்கென்று ஒரு சம்பளம் இல்லாதது வெட்கம்தான். ஆனாலும் நீ திட்டமிடவேண்டியது இருக்கிற நிலைமையை வைத்துத்தான்.

அவர் படித்த கிழக்குப் பல்கலைக்கழகம் உனக்குத் தூரமில்லை. வெருகல் பாலத்தைத் தாண்டி மட்டக்களப்பு வீதியால் போனால் அது இருக்கும் வந்தாறுமூலை வந்துவிடும். ஆகவே உயர்தரப் பரீட்சையைக் கைவிடாதே. நாளைக்கே விளையாட்டு ஆசிரியரிடம் போய், பாடசாலை வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல். பிறகு நூறு தடவை எறிந்து, எத்தனை விழுந்தது என்று கொப்பியில் எழுதி அனுப்பு.