திறக்க வேண்டியது பூட்டி, பூட்ட வேண்டியது திறந்து

நம்பிக்கை: இருப்பிடத் தரவு என்றாலே செல்போனை வைத்து அரசு ஆளை வேவு பார்ப்பதுதான்.

வேவு பார்ப்பதும் இதில் உண்டு. அதற்குக் கடைசியில் வருவோம். ஆனால் அரசு அன்றாடம் புழங்கும் இருப்பிடத் தரவு பெரும்பாலும் நகராத பொருட்களைப் பற்றியது. வீடு, வயல், வாய்க்கால், மின்கம்பம், பாதாளச் சாக்கடை, பேருந்து நிறுத்தம். 1802 ஏப்ரலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து அளவையைத் தொடங்கியபோது செயற்கைக்கோளும் கிடையாது, செல்போனும் கிடையாது. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வரியும் வசூலிக்க முடியாது, சாலையும் போட முடியாது என்பது அன்றைய கம்பெனிக்கே தெரிந்திருந்தது.

இன்றைய சிக்கல் தரவு இல்லாதது அல்ல. ஒரே இடம் பல பெயரில் கிடப்பது. சென்னையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாசலில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. வருவாய்த் துறைக்கு அந்த வீடு ஒரு சர்வே எண்ணும் உட்பிரிவும். மாநகராட்சிக்குச் சொத்து வரி எண், மின்வாரியத்துக்கு இணைப்பு எண், குடிநீர் வாரியத்துக்கு இன்னொன்று, ரேஷன் கடைக்குக் குடும்ப அட்டை எண். எல்லோரும் தட்டுவது ஒரே கதவைத்தான், ஆனால் ஒரு துறையின் எண்ணை வைத்து மற்றத் துறையின் பதிவை எளிதில் எடுக்க முடியாது. வெள்ளக் காலத்தில் ‘இந்தத் தெருவில் எத்தனை வீடு, எதில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், எதில் படுத்த படுக்கையாக யாராவது இருக்கிறார்களா’ என்று கேட்டால், யாராவது ஒருவர் உட்கார்ந்து முகவரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டாக வேண்டும். ஒரு பட்டியலில் பெசன்ட் நகர், இன்னொன்றில் பெசண்ட் நகர் என்றிருந்தால் அதுவும் நடக்காது.

பிரிட்டன் இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு கட்டடத்துக்கும், அடுக்ககம் என்றால் அதிலுள்ள ஒவ்வொரு குடியிருப்புக்கும், 12 இலக்கம் வரை நீளும் ஒரு நிரந்தர எண். உள்ளாட்சிதான் அதைத் தருகிறது. வீடு கைமாறினாலும் எண் மாறாது. இடிக்கப்பட்டாலும் அது வேறு வீட்டுக்குப் போகாது. அரசுத் துறைகள் தங்கள் பதிவேடுகளில் இந்த எண்ணையே பொது அடையாளமாகக் கொள்ள வேண்டும் என்று 2020-ல் முடிவானது.

இந்தியாவில் அஞ்சல் துறை 2025 மே மாதம் ‘டிஜிபின்’ என்ற பத்து எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்தது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு. தெருப் பெயரோ கதவு எண்ணோ இல்லாத குடியிருப்புக்கும் மலைக் கிராமத்துக்கும் இது பெரிய உதவி. ஆனால் இனி முகவரிச் சிக்கலே இல்லை என்று கைதட்டுவது அவசரம். கட்டம் நிலத்தைத்தான் குறிக்கிறது, வீட்டை அல்ல. பத்து மாடிக் கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் பத்து வீடுகளுக்கும் குறியீடு ஒன்றே.

நம்பிக்கை: துல்லியமான வரைபடத்தைத் திறந்துவிட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து.

இதை இந்தியா நெடுங்காலம் நம்பியது. கடற்கரையிலிருந்தும் நாட்டு எல்லையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டருக்குட்பட்ட பகுதிகளின் விரிவான நில வரைபடங்கள் 1960-களின் பிற்பகுதி முதல் கட்டுப்பாட்டில் இருந்தன. கடலோரத்தில் இருக்கும் சென்னையும் அதற்குள் அடங்கியது. ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று 2005-ல் வரைபடக் கொள்கை மாறியது. அதே 2005-ல் கூகுள் எர்த் வந்துவிட்டது. மாநகராட்சிப் பொறியாளருக்கு எளிதில் கிடைக்காத ஊர்ப்படத்தை எந்த நாட்டுப் பள்ளிச் சிறுவனும் வீட்டிலிருந்தே பார்த்தான்.

அப்படியும் 2016-ல் உள்துறை அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அனுமதியின்றி புவியியல் தகவல் சேகரித்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், தவறான எல்லை வரைந்தால் ஏழாண்டு வரை சிறை என்றெல்லாம் அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, மசோதா சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல் நேர் எதிர்த் திசையில் போனது: இந்திய நிறுவனங்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதியோ உரிமமோ தேவையில்லை. ஐந்தாண்டில் ஒரு நாட்டின் பாதுகாப்பு நிலவரம் அப்படித் தலைகீழாகிவிடாது. பூட்டு அதற்கு முன்பும் எதையும் காக்கவில்லை என்பதுதான் விஷயம்.

நம்பிக்கை: தரவு தங்கம்; விற்றால் கஜானாவுக்கு வருமானம்.

அமெரிக்கா விற்றுப் பார்த்தது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் ஒன்று 600 டாலர் என்றிருந்த காலத்தில், விற்பனை உச்சத்தில் இருந்த 2001-லேயே ஓராண்டில் சுமார் 25,000 படங்கள்தான் போயின. 2008-ல் எல்லாம் இலவசம் என்றானது. ஓராண்டுக்குள் தரவிறக்கம் 10 லட்சத்தைத் தொட்டது. காட்டழிப்பையும் ஏரி சுருங்குவதையும் உலக அளவில் ஆண்டுதோறும் கணக்கிடும் ஆய்வுகள் அதன் பிறகுதான் சாத்தியமாயின. ஒவ்வொரு படத்துக்கும் 600 டாலர் கொடுத்து உலகத்தை யார் அளப்பார்கள்?

டென்மார்க் கணக்கு இன்னும் சுவையானது. முகவரித் தரவைச் செலவு விலைக்கு மேல் வாங்காமல் எல்லோருக்கும் தருவது என்று அரசும் நகராட்சிகளும் 2002-ல் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2005 முதல் 2009 வரை கிடைத்த நேரடிப் பயன் சுமார் 6.2 கோடி யூரோ என்று 2010-ல் அரசு அமைப்பு ஒன்று மதிப்பிட்டது. செலவு? சுமார் 20 லட்சம் யூரோ. பயனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அரசுத் துறைகளுக்கே திரும்பி வந்தது.

பிரிட்டன் இதில் சறுக்கியது. 2013-ல் ராயல் மெயில் நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றபோது, நாட்டின் அஞ்சல் முகவரிக் கோப்பும் சேர்ந்தே போய்விட்டது. அது தவறு என்று மறு ஆண்டே நாடாளுமன்றக் குழு சொன்னது. திறந்த முகவரிப் பதிவேடு ஒன்றை உருவாக்க வழி தேட 2016 பட்ஜெட்டில் 50 லட்சம் பவுண்டு ஒதுக்க நேர்ந்தது. கட்டட எண்களையும் அவை இருக்கும் ஆயத்தொலைவுகளையும் 2020-ல் இலவசமாக வெளியிட்டார்கள்; ஆனால் எண்ணுக்குரிய முகவரி வாசகம் இன்னும் கட்டணத்துக்குத்தான்.

நம்பிக்கை: புதிய தொழில்நுட்பம் வாங்கினால் போதும், எல்லாம் சரியாகும்.

சாலை போட்ட மறுவாரம் கேபிளுக்காக அதே சாலையைத் தோண்டுவதைப் பார்த்துப் புலம்பாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஜேசிபி பல்லில் சிக்கி நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் இடங்களில் கண்ணாடியிழைக் கேபிள் அறுபடுகிறது, இழப்பு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் என்பது மத்திய அரசே தந்த கணக்கு. இதைக் குறைக்க 2023 மார்ச்சில் ஒரு செயலி வந்தது. தோண்டப் போகிறவர் இடத்தைக் குறித்தால், அங்கே குழாயோ கேபிளோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தன் குழாய் எந்தத் தெருவில் ஓடுகிறது என்று உரியவருக்கே தெரியாவிட்டால் செயலி என்ன செய்யும்? பல ஊர்களில் அந்த வரைபடம் ஓய்வுபெறப் போகும் ஒரு லைன்மேனின் நினைவில் இருக்கிறது.

பிரிட்டனில் நிலத்துக்கடியில் சுமார் 40 லட்சம் கிலோமீட்டர் குழாயும் கேபிளும் புதைந்து கிடக்கின்றன. சராசரியாக ஏழு நொடிக்கு ஒரு குழி தோண்டப்படுகிறது. ஆண்டுக்கு 60,000 முறை எதிலாவது இடிக்கிறது. ஒரு குழி தோண்டுமுன் எங்கே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு நிறுவனமாகக் கேட்டுப் பெறச் சராசரி ஆறு நாள் ஆனது. 2019-ல் லண்டனிலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் முன்னோட்டம் பார்த்து, பிறகு நிலத்தடிச் சொத்துகளுக்குத் தேசியப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் தொழில்நுட்பம் சுலபமான பங்கு. நூற்றுக்கணக்கான நிறுவனங்களைத் தரவு தரச் சம்மதிக்க வைப்பதும், அவை வெவ்வேறு விதமாகப் பதிந்து வைத்திருந்ததை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதும்தான் ஆண்டுகளை விழுங்கின. தரவு தருவதைக் கட்டாயமாக்க 2025-ல் சட்டமே தேவைப்பட்டது. இந்தப் பதிவேடு எல்லோருக்கும் திறந்ததும் அல்ல. தோண்டும் வேலையில் இருப்பவருக்கு, அதுவும் அனுமதி பெற்றவருக்கு மட்டும். எல்லாவற்றையும் இணையத்தில் கொட்டிவிட வேண்டும் என்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை: பெயரை நீக்கிவிட்டால் போதும், நடமாட்டத் தரவை எங்கும் பயன்படுத்தலாம்.

நகராத பொருள் ஒரு பக்கம், நகரும் மனிதர் மறுபக்கம். இங்கேதான் அரசுகள் காட்டும் கவனம் தலைகீழாகிறது: சாக்கடை வரைபடத்துக்கு இருக்கும் பூட்டு, மனிதர் போகும் வழிக்கு இருப்பதில்லை.

15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் இருப்பிடப் பதிவுகளை ஆராய்ந்து, 2013-ல் ஓர் ஆய்வுக் குழு முடிவை வெளியிட்டது. ஒருவர் எந்த நேரம் எந்தக் கோபுரத்தின் அருகே இருந்தார் என்பதற்கு நான்கு பதிவுகள் இருந்தால் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம். இரவில் ஒரு வீடு, பகலில் ஓர் அலுவலகம், மாலையில் ஒரு டியூஷன் சென்டர். இதே மூன்று இடங்களுக்கு நாள்தோறும் போகிற இன்னொருவர் எங்கே இருக்கப்போகிறார்? ஓடுபவர்களின் தடங்களைப் பெயரின்றித் தொகுத்து ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடம், பாலைவனத்து ராணுவ முகாம்களின் உட்பாதைகளைப் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது 2018 ஜனவரியில் தெரியவந்தது.

இந்தியாவில் கொரோனாத் தொற்றுத் தடம் அறியும் ஆரோக்கிய சேது செயலி 2020 ஏப்ரலில் வந்தது. தனிநபர் தரவுக்கான சட்டம் 2023 ஆகஸ்டில்தான் வந்தது. அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்கும் தருகிறது.

சிங்கப்பூரில் அதே வேலைக்கு வந்த ட்ரேஸ்டுகெதர் செயலி இருப்பிடத்தைப் பதியவில்லை; யார் அருகில் யார் இருந்தார் என்பதை மட்டும் புளூடூத் வழியே பதிந்தது. தொற்றுத் தடம் அறிய மட்டுமே என்று அரசு 2020-ல் உறுதி சொன்னது. குற்ற விசாரணைக்குப் போலீஸ் அதைக் கேட்டுப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்ததும் மக்கள் கொதித்தார்கள். மறு மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றி வரம்பு கட்டினார்கள். 2023-ல் திட்டத்தை முடித்துக்கொண்டபோது மக்களை அடையாளம் காட்டும் தரவு அழிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. 2020 மே மாதம் நடந்த ஒரு கொலை வழக்கின் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டது. அதையும் வெளிப்படையாகச் சொன்னது.