வாசல் கடைப் பாட்டுகள்

காரைக்கால்காரர்களுக்கு வெளியூர் என்பது அரை மணிக்குள் வந்துவிடும். வடக்கே பூவம் தாண்டினால் தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூர் தாண்டினாலும் தமிழ்நாடு. பெட்ரோலை மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கமே நிரப்பிக்கொள்வோம். அது இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாத பாடம். ஞாயிறு வந்தால் பிள்ளைகளை எங்கேயாவது அழைத்துப்போக வேண்டும், செலவும் கையை மீறக்கூடாது. அப்படித்தான் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊருக்குரிய பாட்டை அங்கேயே வாங்கி, திரும்பும் வழியில் காரில் கேட்பது.

கோயில், தர்கா, மாதா கோயில் வாசல் கடைகளைப் போல மலிவாக ஒலித்தட்டு கிடைக்கிற இடம் வேறில்லை. பிள்ளைகள் அடம்பிடிக்கும் பலூன், பொம்மைத் துப்பாக்கியைவிடக் குறைந்த காசுதான். பழைய காரில் தட்டு போடும் வசதி இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். இல்லாதவர்கள் வீட்டுக் கணினியில் ஒருமுறை ஏற்றிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம்.

நாகூரிலிருந்து தொடங்குவது நல்லது. 2011 டிசம்பரில் அகலப் பாதை திறந்தபின் காரைக்காலிலிருந்து 10 கிலோமீட்டர் ரயிலிலேயே போய்விடலாம். சின்னவர்களுக்கு அதுவே பாதிக் கொண்டாட்டம். தர்காவைப் பார்த்துவிட்டு, இறால் வாடா சாப்பிட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு வந்தால், நாகூர் இ.எம்.ஹனிபாவின் குரல் எந்தக் கடையிலாவது ஒலித்துக்கொண்டிருக்கும். 1919இல் பிறந்து 2015இல் மறைந்தவர். திராவிட இயக்க மேடைகளிலும் பாடியவர். ‘பாவ மன்னிப்பு’ (1961) படத்தில் டி.எம்.சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியதையும் சொன்னால் பிள்ளைகள் உடனே காது கொடுப்பார்கள்.

இங்கேதான் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். உறையில் ‘ஹனிபா பாடல்கள்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும்; பாடியவர் வேறொருவராக இருப்பார். பக்திப் பாட்டுக் கடைகள் எல்லாவற்றிலும் இது உண்டு. பின்பக்கம் சின்ன எழுத்தில் ‘பாடியவர்’ என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், “பாய், ரெண்டு பாட்டு போட்டுக் காட்டுங்களேன்” என்று கேட்டுவிடுவேன். “அதுக்கென்ன தம்பி, கேட்டுட்டே வாங்குங்க” என்றுதான் பதில் வரும். முகம் சுளிக்கிற கடையில் வாங்குவதில்லை.

இருநூறு பாட்டு ஒரே தட்டில், பாட்டு ஏற்றிய பென்டிரைவ் என்பவற்றையும் தள்ளிவிடுவேன். யார் பதிவு, யாருக்குக் காசு போகிறது என்று எதுவும் தெரியாது. அதோடு, இருநூறு பாட்டு இருந்தால் பிள்ளைகள் எதையும் முழுசாகக் கேட்கமாட்டார்கள், விரல் அடுத்த பாட்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

வடக்கே போனால் திருக்கடையூர். தரங்கம்பாடிக் கடற்கரையில் கொஞ்ச நேரம், பிறகு அபிராமி சந்நிதி. வாசலில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய அபிராமி அந்தாதியைக் கேட்டு வாங்கலாம். சீர்காழி இதே சாலையில் இன்னும் வடக்கே இருக்கிற ஊர்தான். அந்தாதியில் ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். அதையே காரில் விளையாட்டாக்கினோம்: பாட்டு முடிந்ததும் நிறுத்து, அடுத்தது எந்தச் சொல்லில் தொடங்கும், சொல்! நூறு பாட்டு இருப்பதால் காரைக்கால் வரைக்கும் சண்டையில்லை.

ஆனால் எனக்குப் பிடித்த பயணம் ஊர் எல்லையிலேயே இருக்கிறது. சனிக்கிழமை திருநள்ளாறுக்கு விரைகிற கூட்டம் தருமபுரத்தைக் கவனிப்பதே இல்லை. அங்கே சிவனுக்குப் பெயரே யாழ்மூரிநாதர். சம்பந்தரின் பாட்டுக்குப் புகழ் சேர்த்தது திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழ்தான் என்று உறவினர்கள் பேச, யாழ்ப்பாணர் அதைக் கேட்டு நடுங்கி, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடினார், நரம்பில் அது ஏறவில்லை. யாழை உடைக்க ஓங்கியவரைத் தடுத்துச் சம்பந்தரே அதை வாங்கிக்கொண்டார் என்பது பெரியபுராணக் கதை. அந்தப் பதிகத்தை இன்று அடாணா ராகத்தில் பாடுகிறார்கள். நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததாகச் சொல்லப்படுகிற இசைக்கதை இது. காரைக்காலில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

தருமபுரத்தில் பாட்டுக்கடை கிடையாது. திருநள்ளாறில் தேவாரத் தட்டு விற்பவரிடம் ‘யாழ்மூரிப் பதிகம் இருக்கிறதா’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தருமபுரம் ப.சுவாமிநாதன் ஓதுவார் பதிவுகள் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள் (அது மயிலாடுதுறைப் பக்கத்துத் தருமபுரம், குழம்ப வேண்டாம்). வீட்டில் அதைப் போனில் ஏற்றிக்கொண்டால், அடுத்த முறை தருமபுரம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாக வைத்துக் கேட்கலாம். கூட்டமே இருக்காது.

வாங்கியதைக் காப்பாற்றுவது தனி வேலை. கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். பழைய கேசட்டில் நாடா ஓரம் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்கக்கூடாது. வீட்டுக் கருவியின் தலையையும் சேர்த்துக் கெடுக்கும். தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை ஓட்டைகள் தெரியும், அதையும் விட்டுவிடுங்கள். துடைக்கும்போது சுற்றித் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும்.

காசே இல்லாமல் கிடைப்பதும் உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான். 1956இல் மறைந்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த காலத்தில் வெளியான நாதஸ்வரத் தட்டுகள் எல்லாம் அந்த வரம்பைத் தாண்டிவிட்டன. அவர் பிறந்த திருமருகல் இங்கிருந்து கூப்பிடு தூரம். பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். அப்படிப்பட்ட தட்டில் அவர் தோடியை அடக்கியிருப்பதை அடுத்த ஞாயிறு அந்த ஊர்ச் சாலையிலேயே கேட்பதாகத் திட்டம். பெரியவன் இப்போதே தரவிறக்கி வைத்துவிட்டான்.